நெட் இல்லாத கம்ப்யூட்டர்

ஜூன் 3, சனி

வடிவின் வீட்டுக்காரர் காலையில் வந்தார். ஸ்டுடியோ ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட விடவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். போன மாதம் ஏழாம் மாத வயிற்றோடு வடிவைப் படம் எடுக்கக் கூட்டி வந்தபோது, ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று நான் சொன்னதும் சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனவர். இன்று செருப்போடு உள்ளே வந்தார்.

ஹார்பர் கேன்டீனில் எவனோ ஒருவன், அது யார் பெண்டாட்டி என்று தெரியாமலே, அவரிடம் போனை நீட்டியிருக்கிறான். திரையில் வடிவு. தோளில் சேலை இல்லாமல், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் எடுத்த படம்.

"எடுக்கிறதும் பொம்பள, உள்ள இருக்கிறதும் பொம்பளன்னு போர்டு வச்சிருக்கீங்க. அத நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வடிவை ஏரலில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம். அவள் தப்பு என்று சொல்லவில்லையாம், முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லையாம். போகும்போது அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனார். நான் திறக்கவில்லை. எவனெவன் எச்சில் விரல் பட்டு வந்ததோ.

படங்கள் இருப்பது பின்னறைக் கம்ப்யூட்டரில். அதற்கு இன்டர்நெட் கிடையாது. இந்த மாதிரி ஏதும் நடக்கக்கூடாது என்றே நான் இணைப்பு வாங்கவில்லை. அதன் முன்னால் என்னையும் என் கணவர் கிளாட்வினையும் தவிர யாரும் உட்கார்ந்தது இல்லை. ஆகவே இது தங்கத்துரை வேலைதான். தவக்காலத்தில் மிஷின் பழுதாகி அவன் சர்வீஸ் கடையில் கிடந்தது.

ஜூன் 5, திங்கள்

தங்கத்துரை கடைக்குப் போய் வாய்க்கு வந்ததைப் பேசினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். தெருவிலும் நின்று கேட்டார்கள். அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றான். ஒன்றே ஒன்று கேட்டான், படம் எப்போது எடுத்தது என்று. அந்தக் கேள்விக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? அவன் மேஜை முழுக்கப் பிசுபிசுப்பு. டீ கிளாஸில் ஈ மிதந்தது. அந்தக் கையால் என் டிஸ்கைத் தொட்டிருக்கிறான்.

ஜூன் 6, செவ்வாய்

வளைகாப்புப் படத்துக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

ஜூன் 8, வியாழன்

கிளாட்வின் பின்னறைக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி பஞ்சு மெத்தையாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பல்லி செத்துக் காய்ந்து போர்டோடு ஒட்டியிருந்தது. அதை அவர் வெறும் விரலால் பிய்த்து எடுத்துவிட்டு, அதே கையால் வடையைப் பிட்டுத் தின்றார்.

இது ஹேக்கர் வேலைதான் என்கிறார். நெட்டே இல்லாத மிஷினில் எங்கிருந்து ஹேக்கர் வருவான் என்று கேட்டேன். பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும், உனக்குப் புரியாது என்றார். வைரஸ் படத்தை எடுத்துக்கொண்டு நடந்தா ஹார்பருக்குப் போகும்? கேட்கவில்லை. அவரும் பாவம், நான்கு நாளாக என்னைவிட அதிகம் ஓடுகிறார். காலையில் அவரே டீ போட்டுத் தருகிறார். திருமணம் ஆனதிலிருந்து போட்டதில்லை. இன்று டீயில் ஆடை படிந்திருந்தது. குடிக்க முடியவில்லை.

எப்படியும் இந்த மிஷின் இனி வேண்டாம். இது சர்வீஸுக்குக் கொடுத்தால் எவன் வேண்டுமானாலும் டிஸ்கைக் கழற்றிப் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிற காலத்து மிஷின். பூட்டு உள்ளதாக ஒன்று வாங்க வேண்டும். சீட்டுப் பணம் இருக்கிறது. அது முழு கம்ப்யூட்டருக்குக் காணாது. மதர்போர்டும் அதற்குத் தேவையான சாமான்களும் மட்டும் மாற்றலாம்.

ஜூன் 10, சனி

இன்று கடை கடையாக ஏறினேன். முதல் கடையில் இருந்தவன் வாயில் பான் பராக்கோடு பேசினான். பாதுகாப்பான போர்டு என்று கேட்டால், கலர் கலராக விளக்கு எரிகிற போர்டை எடுத்துக் காட்டினான். எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும், மேடத்துக்கு அப்படி என்ன ரகசியம் என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. அவன் போனிலும் இருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் இறங்கி வந்துவிட்டேன்.

பிறகு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீரான் பாய் கடை. காயல்பட்டினத்துக்காரர், வயதானவர், எதையும் இரண்டாம் முறை சொல்ல யோசிக்கமாட்டார். மூன்று போர்டுகளைக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார்.

ஒன்று பழைய போர்டைத் தட்டிக் கொட்டிப் புதுப்பெட்டியில் போட்டு வந்தது. விலை மலிவு. அதற்குப் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கிற பட்டன் பாட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும். செய்த கம்பெனி எதுவென்றே தெரியாததால், நாளை அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இல்லை.

இன்னொன்று விளக்குப் போர்டு. அதில் வைஃபை எல்லாம் உண்டு, விலையும் அப்படி.

நடுவில் உள்ளதில் டிபிஎம் என்று ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது. டிஸ்கைப் பூட்டினால் சாவி போர்டோடு தங்கிவிடும். டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு போய் வேறு மிஷினில் மாட்டுகிறவனுக்கு ஒரு படமும் தெரியாது. பாட்டரியைக் கழற்றி விளையாடினாலும் டிஸ்க் திறக்காது, நீளமாக ஒரு சாவி எண்ணைக் கேட்கும். வெளியிலிருந்து பென் டிரைவைச் செருகி மிஷினை ஏமாற்றித் தொடங்க வைக்கவும் முடியாது. வைஃபை இல்லை. எனக்கு வைஃபை வேண்டாதது என்பதால் இதில் விலையும் குறைகிறது.

பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் பூசைக்குப் போனேன். என் பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

ஜூன் 14, புதன்

தங்கத்துரை ஸ்டுடியோ வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. அவன் கடைக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், பெண்கள் சுத்தமாக வருவதில்லையாம்.

"அக்கா, நான் உங்க மிஷினப் பாத்தது தவக்காலத்துல, மார்ச் மாசம். அந்தப் புள்ள படம் மே மாசம் எடுத்தது. எடுக்காத படத்த நான் எப்படிக்கா எடுப்பேன்?" என்றான்.

உள்ளே ஏதாவது போட்டு வைத்திருப்பாய் என்றேன். அப்படியானால் வேறு யாரிடமாவது கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், செலவை நான் தருகிறேன் என்றான். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஷட்டரை இறக்கினேன். அவன் போன பிறகு வாசல்படியை டெட்டால் ஊற்றித் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. வாசல் அழுக்காகத்தான் இருந்தது.

கிளாட்வினிடம் சொன்னேன். களவாணிகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், நீ அவன் வாசலுக்கே போகாதே என்றார்.

ஜூன் 17, சனி

கிளாட்வின் ஒரு போர்டோடு வந்தார். வீடியோ எடுக்கிற அவர் சேக்காளி ஒருவர் கொடுத்ததாம். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. கரப்பான் நாற்றம். பூட்டு உண்டா என்று கேட்டேன். இல்லை. பாட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போகுமா என்றேன். போகும். ஆனால் யார் கழற்றப் போகிறார்கள் என்றார். மிச்சமாகும் பணத்தில் வீட்டுக்கு ஏதாவது வாங்கலாமாம்.

எனக்குப் பூட்டு உள்ளதுதான் வேண்டும் என்றேன். பாஸ்வேர்டை நானே போட்டுத் தருகிறேன், நீ எதற்கு இதிலெல்லாம் தலையை விடுகிறாய் என்று சிரித்தார். சிரிக்கும்போது பல்லிடுக்கில் கீரை.

போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். இரவு மீன் குழம்பு. தலையை உறிஞ்சுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார். இப்போதுதான் கேட்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

மீரான் பாயிடம் நடுப்போர்டையும் ஒரு புது டிஸ்கையும் வாங்கிவிட்டேன். பணம் பற்றாமல் ஸ்டுடியோவின் இரண்டாவது ஃபிளாஷ் விளக்கை விற்றேன். பழைய பெட்டி, பழைய மானிட்டர் அப்படியே இருக்கட்டும். என் கண்முன்னாலேயே பொருத்தித் தரச் சொன்னேன். பொருத்தினார்.

பில் போடும்போது, வாங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்வதைப் போல ஒன்று சொன்னார். இது கழற்றிக்கொண்டு போகிறவனுக்கான பூட்டும்மா, பாஸ்வேர்டு தெரிந்து உள்ளே உட்காருகிறவனை எந்தப் போர்டும் ஒன்றும் செய்யாது என்றார். அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. பாக்கிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 22, வியாழன்

புது டிஸ்கைப் பூட்டினேன். பாஸ்வேர்டு நானே போட்டேன். சாவி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கிளாட்வின் வந்து பாஸ்வேர்டைக் கேட்டார். இந்த மிஷினை நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன், உங்கள் வீடியோ வேலைக்கு லேப்டாப் இருக்கிறதே என்றேன். சும்மாதான் சொன்னேன். அந்தச் சாவித் தாளையாவது தா, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எப்படித் திறப்பது என்றார். எனக்கு என்ன ஆகப் போகிறது என்றேன்.

"அப்ப என் மேலயே சந்தேகமா ஒனக்கு?"

நான் அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. கதவை அறைந்துவிட்டுப் போனார். பிறகு வந்து, தலைவலி, அதனால் பேசிவிட்டேன் என்றார். தோளில் கை வைத்தார். ஈரமான கை.

ஜூன் 23, வெள்ளி

பழைய டிஸ்கில் இருந்த படங்களைப் புதியதற்கு மாற்றினேன். பகல் முழுக்க அதே வேலை. வடிவின் படங்கள் வந்தபோது நிறுத்தினேன்.

அவள் வீட்டுக்காரர் அனுப்பியதை இத்தனை நாளாக நான் திறக்கவில்லை. அருவருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று திறந்தேன்.

அது என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஃபைல் இல்லை. திரையைப் போனால் எடுத்த படம். கோடு கோடாக அலை ஓடுகிறது. வலது ஓரத்தில் மானிட்டரின் சட்டம் தெரிகிறது. சட்டத்தில் நான் ஒட்டிய குழந்தை இயேசு ஸ்டிக்கர், ஒரு மூலை கிழிந்து. மானிட்டரை நிமிர்ந்து பார்த்தேன். கிழிந்த மூலை அப்படியே இருக்கிறது.

என் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது.

டிஸ்கைக் கழற்றவில்லை. வைரஸ் வரவில்லை. பூட்டு வைத்த போர்டு அன்றே இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது.

நாற்காலியை எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24, சனி

காலையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை முன்னால் வைத்து, இது நம்ம மானிட்டர்தானே என்று கேட்டேன். பார்த்தான். இட்லியைக் கீழே வைக்கவில்லை. பிட்டதைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் பேசினான்.

"க்ரூப்புல ஏழெட்டுப் பேருதான் ஜெசி. எல்லாம் தொழில்காரங்க. லைட்டிங் எப்படிப் போட்டுருக்கா பாருங்கலேன்னு ஒன்னப் பெருமையாச் சொல்லத்தான் போட்டேன். அத வெளிய அனுப்புனவன்தான் களவாணிப் பய. நான் என்ன செஞ்சேன்?"

என் பெருமைக்காம்.

வடிவின் படம் மட்டும்தானா என்று கேட்டேன். இன்னொரு இட்லியை எடுத்தான். மறுபடியும் கேட்டேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றான்.

பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வெளியே சொன்னால் ஸ்டுடியோ போய்விடும், அப்புறம் ரெண்டு பேரும் பிச்சைதான் எடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். தங்கத்துரை மேல் போன பேச்சு அப்படியே போகட்டுமாம். ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடுமாம்.

அந்த டம்ளரை நான் வாங்கவில்லை.

ஜூன் 26, திங்கள்

ஏரலுக்குப் போனேன். வடிவின் அம்மா கதவைப் பாதி திறந்து என்ன என்றார். வடிவுதான் உள்ளே விடச் சொன்னாள். கால் வீங்கியிருந்தது. முகம் சிறுத்துப் போயிருந்தது. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. யார் எடுத்தது, எப்படிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பழக்கத்தில், புதுப் போர்டு வாங்கியிருக்கிறேன், இனி யாரும் எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே கூசியது.

வடிவு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு பேசினாள்.

"நான் மிஷினயா நம்பி வந்தேன்? ஒங்கள நம்பித்தானக்கா சேலய எறக்குனேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. வேறு யார் யார் படம் போயிருக்கிறது என்று கேட்டாள். தெரியவில்லை, கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான் என்றேன். அப்படியானால் போலீஸ்தான் கேட்க வேண்டும், நீங்கள் வருவீர்களா என்றாள். வருகிறேன் என்றேன். அம்மா என் கையில் காபி கொடுக்கவில்லை, முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதுவே அதிகம்.

ஜூன் 27, செவ்வாய்

தங்கத்துரை கடைக்குப் போனேன். கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். திட்டியதும் ஆள் இருந்தபோதுதானே. அவர் எடுக்கவில்லை, எடுத்தது என் வீட்டுக்காரர் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். தங்கத்துரை ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காருங்கக்கா என்றார். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 29, வியாழன்

காலையில் கிளாட்வினின் அண்ணன் வந்தார். கையில் ஆப்பிள் பை. வீட்டு விஷயத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகக் கூடாது, அவன் தெரியாமல் செய்துவிட்டான், ஆண்கள் க்ரூப்பில் இதெல்லாம் நடக்கிறதுதான், கூப்பிட்டுக் கண்டிக்கிறேன் என்றார். அந்த க்ரூப்பில் அவரும் இருக்கிறாரா என்று கேட்டேன். ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஸ்டேஷனில் வடிவும் அவள் வீட்டுக்காரரும் முன்பே வந்திருந்தார்கள், ஆளுக்கொரு பெஞ்சில். வடிவு என்னோடு பேசவில்லை. நான் நின்றதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நான் படபடப்பில் கம்ப்யூட்டருக்கு நெட் இல்லை, இப்போது டிபிஎம் உள்ள போர்டு, டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று அடுக்கினேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"அது இருக்கட்டும்மா. அன்னிக்கு அந்தச் சேர்ல உக்காந்தது யாரு? ஒங்களுக்கு என்ன ஒறவு?"

சொன்னேன். பெயரையும் உறவையும் அவர் எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் அவனைக் கூப்பிட்டு அனுப்பிப் போனை வாங்கிக்கொண்டார்கள். அதில் இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாக நான்தான் அடையாளம் சொன்னேன். நான் சொல்லாமல் யார் சொல்வது? பூப்பு நீராட்டுக்கு வந்த ஒரு சிறுமியின் படம் வந்தபோது சப் இன்ஸ்பெக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். லைட்டிங்காம்.

ஜூலை 1, சனி

அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். பேசி முடிக்கும் முன்பே அவள் அப்பா என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டு மீதியையும் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

ஜூலை 8, சனி

வழக்கு பதிவாகிவிட்டது. அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தாலும் இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி, துணிமணிகளைக் கட்டிக் கொடுத்தேன். அவன் தலையணையை மட்டும் கொடுக்கவில்லை, குப்பையில் போட்டேன். எண்ணெய் ஊறி மஞ்சளாக இருந்தது.

போலீஸ் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, வயிற்றோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இன்று மத்தியானம் அதற்காகத்தான் உட்கார்ந்தேன். அப்போது ஆட்டோவில் வடிவு வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் கூடவே வந்து வாசலில் நின்றுகொண்டார். திரைச்சீலையைத் தாண்டி வரவில்லை.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். உன் படத்தையெல்லாம் அழிக்கப் போகிறேன், இனி ஒன்றும் இருக்காது என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எதுக்கு அழிக்கணும்? படம் என்னக்கா தப்பு செஞ்சுது? நான் பிரின்ட் வாங்கத்தான வந்தேன்."

முக்காலியை இழுத்துப் போட்டேன். மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மல்லிகைப்பூவோடு ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒன்றில் நிறுத்தச் சொன்னாள். எல்லா போன்களிலும் சுற்றிய அதே படம். தோளில் சேலை இல்லாமல், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சிரிக்கிறாள். கோடும் அலையும் இல்லாமல் பார்த்தால் அது மிக நல்ல படம். எனக்கு மறந்தே போயிருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதைத்தான் பெரிதாகப் போட வேண்டும், ஹாலில் மாட்ட வேண்டும் என்றாள். எவ்வளவு பெரிதாக என்று கேட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம், நம்ம ஹால் சுவரு எத்தன அடி இருக்கும் என்று கேட்டாள். தெருவில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அளவைச் சொன்னார்.